மருத்துவர் கார்லோஸ் சாகஸ்

தென்னமெரிக்காவின் பெருநாடாகிய பிரேசிலில், மீனாஸ் ஜெராயிஸ் மாநிலத்து ஒலிவெய்ரா என்னும் ஊரை அடுத்த காப்பித் தோட்டமொன்றில் பிறந்தவர் கார்லோஸ் சாகஸ். நான்கு வயதிலேயே தந்தையை இழந்த அவரை அன்னையாரே பேணி வளர்த்தார். மகன் பொறியியல் கற்க வேண்டுமென்பது அன்னையாரின் விருப்பம். அவ்வாறே கற்கப் புகுந்த இளைஞர் நோயுற்று வீடு திரும்பினார். மருத்துவராயிருந்த தாய்மாமனின் தூண்டுதலால் அவர் உள்ளம் மருத்துவத்தை நாடியது. அந்நாளில் தலைநகராக விளங்கிய ரியோ டி ஜெனிரோவில் பயின்று, 1903-இல் பட்டம் பெற்றார்.

அந்நகரில் ஆஸ்வால்டோ குரூஸ் என்னும் அறிஞர் ஆராய்ச்சி நிலையமொன்றை நடத்தி வந்தார். மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்த சாகஸின் திறமையை அவர் நன்கு உணர்ந்திருந்தார். உள்நாட்டில் இருப்புப்பாதை அமைத்து வந்த தொழிலாளர் பலர் மலேரியாவுக்கு இரையாகிப் பணி தடைப்படவே, 1907-இல் சாகஸை லசான்ஸ் என்னும் சிற்றூருக்கு அனுப்பினார். இரயில் பெட்டி ஒன்றே சாகஸுக்கு உறைவிடமும் ஆய்வுக்கூடமும் ஆயிற்று.

மலேரியாவுக்குரிய குறிகள் இல்லாத நோயாளிகளையும் அவர் அங்கே கண்டார். சிலருடைய நாடி ஒழுங்கின்றித் துடித்தது. காரணம் விளங்கவில்லை. இந்நிலையில், 1908-இல் இருப்புப்பாதைப் பொறியியலார் ஒருவர் குடிசைகளில் வாழும் ஒரு பூச்சியைப் பற்றி அவரிடம் கூறினார்.

அங்குள்ள ஏழை உழவரின் வீடுகள் கழிகளை நட்டு மண் அப்பிய சுவர்களும் புற்கூரையும் உடையவை. சுவர் காய்ந்து வெடிக்கும். அவ்வெடிப்புகளில் பூச்சிகள் பகலெல்லாம் பதுங்கியிருக்கும். விளக்கை அணைத்ததும் வெளிப்பட்டு, உறங்குவோரின் முகத்தில் கடித்துக் குருதியை உறிஞ்சும். நாம் அறிந்த மூட்டைப்பூச்சியினும் அது பன்மடங்கு பெரிது. ஆயினும், கடிப்பது உறங்குபவருக்குத் தெரிவதில்லை! முகத்தை நாடுவதால் அதனைப் பார்பெய்ரோ, அஃதாவது முகம் மழிப்பவன், என மக்கள் அழைத்தனர்.

கொசு மலேரியாவைச் சுமப்பதைச் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் 1897-இல் கண்டறிந்திருந்தார். குருதி குடிக்கும் இப்பூச்சியும் ஏதேனும் நோயைச் சுமக்கலாமன்றோ? சாகஸ் அதன் குடலை அறுத்து நுண்பெருக்கியால் நோக்கினார். சவுக்குப் போன்ற வாலுடைய நுண்ணுயிர்கள் அங்கே நெளிந்தன. பூச்சிகள் சிலவற்றைக் குரூஸுக்கு அனுப்பினார். அவை கடித்த சிறு குரங்குகள் நோயுற்றன. அவற்றின் குருதியிலும் நுண்ணுயிர் காணப்பட்டது. ஆசிரியரிடம் கொண்ட நன்றியால் அதற்கு டிரிப்பனோசோமா குரூஸி எனச் சாகஸ் பெயரிட்டார்.

இனி மனிதரிடம் தேட வேண்டும். குடிசை குடிசையாகச் சென்றார். ஒரு வீட்டுப் பூனையின் குருதியில் அந்நுண்ணுயிர் இருந்தது. 1909 ஏப்ரல் 14-ஆம் நாள், அதே வீட்டில் காய்ச்சலுற்றிருந்த இரண்டு வயதுப் பெண்குழந்தையின் குருதியிலும் அதைக் கண்டார். நோயை முதலில் அறிந்து அதன் காரணத்தைப் பின்னர்த் தேடுவதே மருத்துவ உலகின் வழக்கம். சாகஸோ பூச்சியை முதலிலும், கிருமியை அடுத்தும், நோயாளியை இறுதியிலும் கண்டார்! அக்குழந்தை பிழைத்து எழுபது வயதையும் கடந்து வாழ்ந்தது. எல்லாரும் அவ்வாறு தப்புவதில்லை. முதற்காய்ச்சல் தணிந்து பல்லாண்டுகள் சென்றபின், சிலருக்கு இதயம் பருத்துத் தளர்கிறது. சிலருக்கு உணவுக்குழலும் பெருங்குடலும் கெடுகின்றன.

பூச்சியின் கடிவாயிலாகவே கிருமி பரவுவதாகச் சாகஸ் கருதினார். உண்மை வேறு. பூச்சி குருதியைக் குடித்தவாறே தோலின்மேல் கழிவை இடுகிறது. உறங்குபவர் சொறியும்போது கழிவிலுள்ள கிருமி கடித்த புண்ணிலோ கண்ணிலோ புகுகிறது. கழிவே கிருமியைச் சுமக்கிறது என்பதை 1912-இல் பிரெஞ்சு அறிஞர் எமில் புரும்ப் காட்டினார். அதே ஆண்டில் ஜெர்மனியின் ஷாடின் பரிசு சாகஸுக்குக் கிடைத்தது.

1917-இல் குரூஸ் மறைந்ததும் சாகஸ் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். புகழோடு பகையும் வளர்ந்தது. அவ்வட்டாரத்தில் மிகுந்திருந்த கழுத்துக் கழலையையும் இந்நோயின் குறியென அவர் எண்ணியது பிழையாயிற்று. மாற்றார் அப்பிழையைப் பற்றிக்கொண்டனர். நோயாளிகள் மிகச் சிலரே என்றும், இல்லாத கொடுமையைக் கூறி நாட்டுக்கு இழிவு தேடினார் என்றும் 1922-இல் தேசிய மருத்துவக் கழகத்தில் வாதாடினர். குழுவொன்று ஆராய்ந்து, கண்டுபிடிப்பு அவருடையதே என 1923-இல் உறுதி செய்தது. நோய் எவ்வளவு பரவியுள்ளது என்னும் வழக்கோ தீரவில்லை. நோபல் பரிசுக்கு இருமுறை முன்மொழியப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை. 1934 நவம்பர் 8-ஆம் நாள் மாரடைப்பால் காலமானார்.

அவர் மறைவுக்குப் பின், ஆர்ஜென்டினா நாட்டு மருத்துவர் சால்வடோர் மாசாவும் அவர்தம் துணைவரும் நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் கண்டு காட்டினர். எதிர்த்தோர் வாய் அடைத்தது. வெடித்த மண்சுவர்களைப் பூசிச் செப்பனிடவும், வீடுதோறும் பூச்சிக்கொல்லி தெளிக்கவும் அரசுகள் முற்பட்டன. வீடுகளில் மிகுதியாகத் தொற்றைப் பரப்பிவந்த பூச்சி வகையொன்றின் வழியே நோய் பரவுவது பிரேசிலில் நின்றதென 2006-இல் சான்றளிக்கப்பட்டது. ஆயினும் வேறு வகைப் பூச்சிகள் காடுகளிலும் சிற்றூர்களிலும் இருந்து வருகின்றன.