டைபாய்டு மேரி: ஆளைச் சரியாகக் கண்டுபிடித்த தரவு, அதன் பிறகு கோட்டைவிட்ட நகரம்

2020-ல் உங்களில் பலருக்கு அந்த போன் வந்திருக்கும். மாநகராட்சியிலிருந்து பேசுவதாக ஒரு குரல். கடந்த 14 நாளில் எங்கே போனீர்கள், யார் யாரைப் பார்த்தீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று வரிசையாகக் கேள்விகள். நேர்மையாக யோசிச்சுப் பாருங்க, எல்லாவற்றையும் சொன்னீர்களா? பெயரைச் சொன்னால் நண்பர் வீட்டுக் கதவிலும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், அவர் வேலைக்குப் போக முடியாது, அக்கம்பக்கம் ஒரு மாதிரி பார்க்கும் என்று ஒரு பெயரையாவது விழுங்கியிருப்பீர்கள்.

இந்தச் சிக்கல் நமக்கு முன்பே நூறு வருஷம் பழசு. 1907-ல் நியூயார்க்கில் வீட்டுச் சமையல் வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் இதே போன்ற கேள்விகளோடு ஒருவர் போய் நின்றார். அந்தப் பெண்ணின் பெயர் மேரி மாலன். உலகம் அவரை 'டைபாய்டு மேரி' என்றே ஞாபகம் வைத்திருக்கிறது. நோயைப் பரப்பியவர் என்பதோடு பலரும் அவர் கதையை முடித்துவிடுவார்கள். முழுசாகப் படித்தால், அந்த போன் கால் வந்தபோது நாம் ஏன் தயங்கினோம் என்பதும் புரியும்.

யார் இந்த மேரி?

1869 செப்டம்பர் 23 அன்று அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில் உள்ள குக்ஸ்டவுனில் பிறந்தவர். ஏழை ஊர். பதின்ம வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அந்தக் காலத்தில் அங்கே போன ஐரிஷ் பெண்கள் பலரைப் போல வீட்டு வேலையில் சேர்ந்தார்.

மேரிக்குச் சமையல் நன்றாக வந்தது. பணக்கார வீடுகளின் வேலைக்காரர்களில் சமையல்காரருக்குத்தான் மதிப்பும் சம்பளமும் அதிகம். கணவர், குழந்தைகள் என்று குடும்பம் கிடையாது. கையில் இருந்த ஒரே சொத்து அந்தத் திறமைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

கோடை வீட்டில் 11 பேர், 6 நோயாளிகள்

1906 கோடை. நியூயார்க்கின் வங்கியாளர் சார்லஸ் ஹென்றி வாரன், லாங் ஐலண்டில் ஆய்ஸ்டர் பே என்ற இடத்தில் குடும்பத்தோடு தங்க ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். ஆகஸ்ட் 27-ல் அங்கே ஒருவருக்கு டைபாய்டு காய்ச்சல். கொஞ்ச நாளிலேயே வீட்டிலிருந்த 11 பேரில் 6 பேர் படுத்துவிட்டார்கள்.

டைபாய்டு அழுக்கான சேரிகளின் நோய் என்று அப்போது நினைத்தார்கள். பணக்காரர்கள் ஓய்வெடுக்க வரும் ஊரில் அது வந்தது பெரிய சங்கடம். இனி யாரும் வாடகைக்கு வரமாட்டார்களே என்று வீட்டு உரிமையாளருக்குக் கவலை. காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஜார்ஜ் சோப்பர் என்பவரை அமர்த்தினார். சோப்பர் மருத்துவர் கிடையாது, சுகாதாரப் பொறியாளர்.

தண்ணீர், பால், கழிவுநீர்க் குழாய் என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. கடல் சிப்பி மீதும் சந்தேகம் வந்தது. எதுவும் ஒத்துவரவில்லை. பிறகுதான் சோப்பர் தேதிகளைப் பார்த்தார். ஆகஸ்ட் 4-ல் புதிதாக ஒரு சமையல்காரர் சேர்ந்திருக்கிறார். டைபாய்டு கிருமி உடம்புக்குள் போய்க் காய்ச்சலாக வெளிப்பட பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். கணக்கு பொருந்தியது. நோய் வந்து சுமார் மூன்று வாரத்தில் அந்தச் சமையல்காரர் வேலையை விட்டுப் போயிருந்தார்.

சூடாகச் சமைத்த உணவில் கிருமி செத்துவிடும். ஆனால் அவர் பச்சைப் பீச் பழத்தை வெட்டிப் போட்டுச் செய்த ஐஸ்கிரீமை வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

எட்டு வீடுகள், ஒரே பெயர்

இனி சோப்பர் செய்ததைத்தான் இன்றைக்கு நாம் கான்டாக்ட் டிரேசிங் என்கிறோம். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியைப் பிடித்து, மேரி முன்பு எங்கெல்லாம் சமைத்தார் என்று ஒவ்வொரு வீடாகத் தேடினார். எட்டுக் குடும்பங்கள் கிடைத்தன. அதில் ஏழு குடும்பங்களில் மேரி இருந்த காலத்தில் டைபாய்டு வந்திருந்தது. மொத்தம் 22 பேருக்கு நோய், ஒரு மரணம்.

ஒவ்வொரு வீட்டிலும் அன்றைக்கு வேறு யார் மீதோ, வேறு எதன் மீதோ பழி போட்டு விஷயத்தை முடித்திருந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் அந்த விளக்கங்கள் நம்பும்படிதான் இருந்தன. எட்டு வீடுகளையும் ஒரே பட்டியலில், தேதிவாரியாக அடுக்கியபோதுதான் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே ஆள் தெரிந்தார். எக்செல் இல்லாத காலத்தில் ஒரு நல்ல டேட்டா வேலை.

இன்னொரு தகவலும் அதே பட்டியலில் இருக்கிறது. 1902-ல் மெய்ன் மாநிலத்தின் டார்க் ஹார்பரில் ஒரு குடும்பத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் படுத்தபோது, மேரி ஓடிப்போகவில்லை. கூடவே இருந்து நோயாளிகளைக் கவனித்தார். அதற்காக அந்த வீட்டுக்காரர் சம்பளத்துக்கு மேல் 50 டாலர் கொடுத்தார்.

மேரிக்கு டைபாய்டு வந்து போன ஞாபகமே இல்லை. அங்கேதான் அறிவியல் புதுசு. டைபாய்டு வந்து குணமானவர்களில் சுமார் 3 சதவீதம் பேரின் பித்தப்பையில் கிருமி தங்கிவிடும். சிலருக்கு முதல் காய்ச்சலே லேசாக வந்து போயிருக்கும். ஆள் திடமாக இருப்பார், ஆனால் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். கை சரியாகக் கழுவாவிட்டால் அது உணவுக்குப் போகும். இப்படி ஆரோக்கியமாக இருப்பவரும் நோயைக் கடத்தலாம் என்று ஜெர்மனியில் ராபர்ட் கோக் சில வருஷங்களுக்கு முன்புதான் சொல்லியிருந்தார். அமெரிக்காவில் அப்படி அடையாளம் காணப்பட்ட முதல் ஆள் மேரி.

கதவைத் தட்டிய விதம்

1907 மார்ச்சில் சோப்பர் மேரியைக் கண்டுபிடித்தார். மன்ஹாட்டனின் பார்க் அவென்யூவில் ஒரு வீட்டுச் சமையலறை. அந்த வீட்டிலும் டைபாய்டு வந்து, வீட்டுக்காரரின் மகள் இறக்கும் நிலையில் இருந்தார்.

இப்போது மேரியின் இடத்தில் நின்று பாருங்க. நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு முன்பின் தெரியாத ஒரு ஆண் வருகிறார். நீங்கள் பலருக்கு நோய் கொடுத்தீர்கள் என்கிறார். உங்கள் ரத்தம், சிறுநீர், மலம் வேண்டும் என்கிறார். உங்களுக்கோ ஒரு தலைவலி கூட இல்லை. மேரி இறைச்சி வெட்டும்போது பிடிக்கிற பெரிய முள்கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சோப்பர் ஓடினார். இரண்டாவது தடவை மேரி போய்வரும் ஒரு வீட்டின் மாடிப்படியில் காத்திருந்து பேசிப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை.

அடுத்து நகரச் சுகாதாரத் துறை டாக்டர் ஜோசஃபின் பேக்கரை அனுப்பியது. முதலில் அவர் பேச்சும் எடுபடவில்லை. மறுபடியும் வந்தபோது போலீஸும் ஆம்புலன்ஸும் கூடவே வந்தன. மேரி பல மணி நேரம் ஒளிந்திருந்தார். ஒரு கதவிடுக்கில் அவர் உடையின் துணி தெரிந்ததால் பிடிபட்டார். திமிறிய மேரியின் மேல் உட்கார்ந்தபடியேதான் டாக்டர் பேக்கர் ஆஸ்பத்திரி வரை போனார். சோதனையில் டைபாய்டு கிருமி இருந்தது. சோப்பரின் கணிப்பு சரி.

தீவில் இரண்டு ரிப்போர்ட்டுகள்

மேரியை ஈஸ்ட் ரிவரில் உள்ள நார்த் பிரதர் தீவுக்கு அனுப்பி, ஒரு சின்ன வீட்டில் தனியாக வைத்தார்கள். எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. எத்தனை நாள் என்றும் யாரும் சொல்லவில்லை. பித்தப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். அந்தக் காலத்தில் அது உயிருக்கு ஆபத்தான ஆபரேஷன். மேரி மறுத்துவிட்டார்.

இரண்டு வருஷத்தில் அவரிடமிருந்து 163 மாதிரிகள் எடுத்தார்கள். 120-ல் கிருமி இருந்தது. மேரியும் சும்மா இருக்கவில்லை, தன் மாதிரிகளை ஒரு தனியார் லேபுக்கு அனுப்பினார். அங்கே கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. பித்தப்பையிலிருந்து கிருமி தினமும் ஒரே அளவில் வெளிவராது. சில நாள் வரும், சில நாள் வராது. நகரத்தின் சொந்தச் சோதனையிலேயே 43 தடவை கிருமி தெரியவில்லையே! இது தெரிந்தவர்களுக்கு இரண்டு ரிப்போர்ட்டுகளுக்கும் முரண்பாடு இல்லை. தீவில் தனியாக அடைபட்ட ஒருவருக்கு இரண்டில் ஒன்று பொய் என்றுதான் தோன்றும். எது பொய் என்று நினைக்க அவருக்கு விருப்பம் இருக்கும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

1909-ல் மேரி நீதிமன்றம் போனார், தோற்றார். அதற்குள் பத்திரிகைகள் அவர் பெயரைப் போட்டு, சமையல் சட்டியில் மண்டை ஓடுகளைப் போடுவது போல் படமும் வரைந்துவிட்டன.

விடுதலை, வேறு வேலை, வேறு பெயர்

1910 பிப்ரவரியில் புதிதாக வந்த சுகாதார ஆணையர் எர்ன்ஸ்ட் லெடர்லி அவரை விடுவித்தார். இனி சமைக்கக் கூடாது, குறிப்பிட்ட இடைவெளியில் துறைக்கு வந்து தகவல் சொல்ல வேண்டும். இந்த இரண்டுக்கும் மேரி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். லெடர்லி ஒரு சலவை வேலையும் பார்த்துக் கொடுத்தார்.

சலவைக்குச் சம்பளம் சமையலைவிட ரொம்பக் குறைவு. வேலையோ கடினம். வேறு தொழில் கற்றுக்கொடுக்கவோ, குறைந்த சம்பளத்தை ஈடுகட்டவோ நிரந்தர ஏற்பாடு எதுவும் இல்லை. சில காலம் கழித்து மேரி துறையின் பார்வையிலிருந்து மறைந்தார்.

1915 தொடக்கத்தில் மன்ஹாட்டனின் ஸ்லோன் மகளிர் மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு. இரண்டு பேர் இறந்தார்கள். சமையலறையில் 'மேரி பிரவுன்' என்ற பெயரில் இருந்தவர் நம் மேரிதான். இந்தத் தடவை அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எட்டு வருஷமாகச் சொல்லப்பட்டது, கையெழுத்தும் போட்டிருந்தார். கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும் இருக்கும் இடத்தில் சமைத்தார். அந்த இரண்டு உயிர்களுக்கு அவர் பொறுப்பை எந்த நியாயத்தாலும் கழிக்க முடியாது.

மறுபடி அதே தீவு. பிற்பாடு அங்கிருந்த லேபில் உதவியாளர் வேலை பார்த்தார். 1932-ல் பக்கவாதம். 1938 நவம்பர் 11-ல், 69 வயதில் இறந்தார். இரண்டு தடவையும் சேர்த்தால் 26 வருஷம் தனிமை. சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர்.

மற்றவர்களுக்கு என்ன ஆச்சு?

ஒரு சின்னக் கணக்கு. அப்போது நியூயார்க் நகரில் வருஷத்துக்கு 3,000-க்கும் மேல் டைபாய்டு நோயாளிகள். அதில் 3 சதவீதம் என்றாலே வருஷத்துக்குக் குறைந்தது 90 புது மேரிகள். மேரி இறந்தபோது நகரத்தின் பட்டியலில் இப்படி நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். அவர்களில் யாரையும் மேரியைப் போல ஆயுள் முழுக்க அடைத்து வைக்கவில்லை.

மேரியால் நோய் வந்ததாக எண்ணப்பட்டவர்கள் சுமார் 50 பேர், மரணம் 3. டோனி லபெல்லா என்பவரால் 122 பேருக்கு நோய், 5 மரணம். அவரைச் சில வாரம்தான் தனிமைப்படுத்தினார்கள். அல்ஃபோன்ஸ் கோட்டில்ஸ் என்ற பேக்கரி உரிமையாளர் தடையை மீறி உணவைத் தொட்டு 1924-ல் நீதிமன்றம் வரை போனார். தண்டனையை நிறுத்திவைத்து அனுப்பிவிட்டார்கள். எண்ணிக்கைப்படி யார் அதிக ஆபத்து என்று பார்த்து முடிவெடுத்திருந்தால் இந்த வரிசை வேறு மாதிரி இருந்திருக்கும். மேரி பெண், ஏழை, வந்தேறி, அடங்காதவர் என்று பெயர் எடுத்தவர். வரலாற்று ஆய்வாளர்கள் பலரும் இதைச் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இதில் உங்களுக்கு என்ன?

2020-ல் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் நடந்த கான்டாக்ட் டிரேசிங்கை வைத்து 'சயன்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 84,965 கொரோனா நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேர். பத்தில் ஏழு நோயாளிகளின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று கண்டறியப்படவில்லை. அதாவது கொஞ்சம் பேரிடமிருந்துதான் நிறையப் பேருக்குப் போயிருக்கிறது. அந்தக் கொஞ்சம் பேரைப் பிடிப்பதுதான் முழு வேலையும்.

ஆனால் அந்த 5,75,071 பெயர்களும் யாரோ வாயைத் திறந்து சொன்னதால், களப் பணியாளர்கள் வீடு வீடாக அலைந்ததால் வந்தவை. சொல்லாமல் விட்ட பெயர் எந்த அட்டவணையிலும் வராது.

சோப்பரின் பட்டியலில் தப்பில்லை. சமைக்காதே என்று சொல்லிவிட்டு, சமைக்காமல் மேரி எப்படிப் பிழைப்பார் என்ற கணக்கை யாரும் போடவில்லை. அடுத்த தொற்றுநோய் வரும்போது புது ஆப் வரும், புது டேஷ்போர்டு வரும். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்க. பெயர் கொடுத்தவருக்கு வேலை பத்திரமா? தனிமையில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா? அவர் பெயர் வெளியே போகாதா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால், நீங்களும் அந்த போனில் எந்தப் பெயரையும் விழுங்க வேண்டியிருக்காது.