உங்கள் உப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருக்கிறார்: தைராய்டு ஹார்மோனும் ராமலிங்கசாமியின் கதையும்

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை. அங்கே இன்னும் பல வீட்டுச் சமையலறைகளில் ஜாடி நிறைய இருப்பது கல் உப்புதான். ஊறுகாய்க்கு, மீன் குழம்புக்கு, புளி கரைக்க எல்லாவற்றுக்கும் அதே உப்பு. பாக்கெட் உப்பு வாங்கலாமே என்றால், அது டேஸ்ட்டே இல்ல என்பதுதான் பெரியவர்களின் பதில்.

டேஸ்ட் விஷயத்தில் சண்டை போட வேண்டாம். ஆனா அந்த ஜாடிக்கும், உங்கள் மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் வரும் டிஎஸ்ஹெச் என்ற எண்ணுக்கும், பிறக்கப்போகும் ஒரு குழந்தையின் மூளைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பை இந்தியாவில் நிரூபித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் டாக்டர் வுலிமிரி ராமலிங்கசாமி. அவருடைய ஆய்வுப் பயணம் தொடங்கிய இடங்களில் ஒன்று நம்ம குன்னூர்.

முதலில், ஹார்மோன்னா என்ன?

உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்து வாய்க்கு ஒரு குழாய் உண்டு. அதைத்தான் நாளம் என்கிறோம். சில சுரப்பிகளுக்கு இப்படி எந்தக் குழாயும் கிடையாது. அவை சுரப்பதை நேரடியாக ரத்தத்தில் கலந்துவிடும். அதனால்தான் அவற்றுக்கு நாளமில்லா சுரப்பிகள் என்று பெயர். பிட்யூட்டரி, தைராய்டு, பாராதைராய்டு, அட்ரினல் போன்றவை இந்தக் கூட்டம். கணையம், சினைப்பை, விந்தகம் ஆகியவையும் இந்த வேலையைச் செய்கின்றன.

இவை ரத்தத்தில் அனுப்பும் ரசாயனச் செய்திதான் ஹார்மோன். இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது 1905-ல். ரத்தம் உடம்பு முழுக்க ஓடினாலும், அந்தச் செய்தியைப் படிக்கும் வசதி உள்ள செல்கள் மட்டுமே அதற்குப் பதில் கொடுக்கும்.

தைராய்டு நம் கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கிறது. பைக்குக்கு ஐட்லிங் செட் பண்ணுவது மாதிரி, உடம்பின் அடிப்படை வேகத்தை செட் பண்ணுவது இதன் ஹார்மோன். இது குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, எடை கூடுதல், மலச்சிக்கல். அதிகமானால் படபடப்பு, எடை இழப்பு, கை நடுக்கம்.

மோட்டாரும் டேங்க்கும்

இதன் அளவு எப்படி சரியா இருக்குது? வீட்டு மாடி டேங்க்கில் ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் வைத்திருப்பீர்கள். தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓடும், நிறைந்தால் நின்றுவிடும். உடம்பிலும் அதே கதைதான்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பும். வேலை செய் என்று தைராய்டுக்குப் போகும் உத்தரவு அது. போதுமான அளவு சுரந்துவிட்டால் டிஎஸ்ஹெச் தானாகக் குறையும். ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் அதிகம் என்றால் தைராய்டு பெரும்பாலும் சுணங்குகிறது என்று டாக்டர் சொல்வது இதனால்தான்.

இப்போது கிணற்றிலேயே தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும், டேங்க் நிறையாது. தைராய்டுக்கு அந்தத் தண்ணீர், அயோடின். தைராக்ஸின் ஹார்மோனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 அயோடின் அணுக்கள் உண்டு. அயோடின் இல்லையென்றால் ஹார்மோன் இல்லை. ஆனால் டிஎஸ்ஹெச் உத்தரவு மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். ஓவர்டைம் பார்த்துப் பார்த்து தைராய்டு வீங்கிவிடும். அதுதான் முன்கழுத்துக் கழலை.

ஸ்ரீகாகுளம் டு குன்னூர்

ராமலிங்கசாமி பிறந்தது 1921 ஆகஸ்ட் 8. ஊர் ஸ்ரீகாகுளம். இன்றைக்கு ஆந்திரா, அன்றைக்குச் சென்னை மாகாணம். விசாகப்பட்டினம் ஆந்திரா மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சிப் பட்டம்.

நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் டாக்டராக அவர் ஆகவில்லை. நோய் ஏன் வருகிறது என்று திசுக்களில் தேடும் நோய்க்குறியியல் துறைக்குப் போனார். 1947-ல் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் 1918-ல் தொடங்கிய ஆய்வுதான் அந்தக் கூடமாக வளர்ந்தது. பின்னாளில் அது ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

இங்கே ஒரு சுவாரசியமான தொடர்பு இருக்கு. குன்னூருக்கு வருவதற்கு முன் இமயமலை ஓரத்து கில்கிட்டில் கழுத்துக் கழலையை ஆராய்ந்தவர் மெக்கரிசன். அசுத்தமான தண்ணீர்தான் காரணம் என்று நம்பி, தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். அவர் விட்ட கேள்விக்கு இந்திய மண்ணில் பதில் தேடியது, அவர் தொடங்கிய கூடத்தில் வேலை பார்த்த ராமலிங்கசாமி.

குன்னூரில் அவர் முதலில் பார்த்தது புரதச் சத்துக் குறைபாடு. ஒரு குழந்தைக்கு எது கிடைக்கவில்லை என்பதில் இருந்து நோயைப் படிக்கும் பார்வை அங்கேதான் அவருக்கு உறுதியானது.

காங்க்ரா: உப்பை வைத்து ஒரு பரிசோதனை

அயோடின் தட்டுப்பாடு ஏன் இமயமலையில் அதிகம்? பனிப்பாறைகளும் மழையும் வெள்ளமும் மேல்மண்ணில் இருக்கும் அயோடினைக் காலங்காலமாக அரித்து எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. மண்ணில் இல்லாதது பயிரில் இருக்காது, பயிரில் இல்லாதது தட்டில் இருக்காது.

உப்பில் அயோடின் கலக்கும் யோசனை புதுசு இல்ல. சுவிட்சர்லாந்தும் அமெரிக்காவும் 1920-களிலேயே ஆரம்பித்துவிட்டன. ஆனால் ஏழை நாட்டில், ஈரமான மலைப் பகுதியில், சுத்திகரிக்காத உப்பில் இது வேலை செய்யுமா என்ற கேள்வி மிச்சம் இருந்தது.

1956-ல் டாக்டர் எஸ்.எஸ். சூச் உள்ளிட்டவர்களுடன் சேர்ந்து ராமலிங்கசாமி காங்க்ரா பள்ளத்தாக்கில் களம் இறங்கினார். இன்று ஹிமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் அந்தப் பகுதி அப்போது பஞ்சாபில் இருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதியை மூன்று மண்டலங்களாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, இன்னொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு. நடுவில் இருந்த மண்டலத்துக்குச் சாதாரண உப்பு.

ஆறு வருடம் கழித்துப் பார்த்தால், அயோடின் உப்பு போன இரண்டு மண்டலங்களிலும் கழலையின் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. சாதாரண உப்பு போன மண்டலத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஈரத்தைத் தாங்கும் அயோடேட்தான் இந்தியாவுக்குப் பொருத்தம் என்பதும் உறுதியானது.

நடு மண்டலத்து மக்கள் ஆறு வருடம் காத்திருந்தார்களே, அது நியாயமா? இன்றைக்குப் படிக்கும்போது உறுத்தத்தான் செய்கிறது. முடிவு தெரிந்தபின் 1962-ல் இருந்து அவர்களுக்கும் அயோடின் உப்பு போனது. அங்கேயும் கழலை குறைய ஆரம்பித்தது. அதே 1962-ல் மத்திய அரசு தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

கழுத்தைத் தாண்டி

கழுத்து வீங்கினால் அசிங்கமா தெரியும், அவ்வளவுதானே என்று நினைத்தவர்கள் அப்போது நிறையப் பேர். உண்மையான ஆபத்து வெளியே தெரியாத இடத்தில் இருந்தது.

கருவில் இருக்கும் குழந்தைக்கு முதல் மூன்று மாதங்கள் சொந்தமாக தைராய்டு ஹார்மோன் தயாரிக்க முடியாது. முழுக்க அம்மாவின் ஹார்மோன்தான். மூளையின் அடித்தளம் உருவாவதும் அதே காலத்தில். அம்மாவுக்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால், குழந்தைக்குக் காது கேளாமை, பேச்சு வராமை, அறிவு வளர்ச்சிக் குறைபாடு எல்லாம் வரலாம். இந்தச் சேதத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது. தடுக்க மட்டும்தான் முடியும்.

1957-ல் டெல்லி எய்ம்ஸில் பேராசிரியரான ராமலிங்கசாமி, 1969 முதல் 1979 வரை அதன் இயக்குநராக இருந்தார். பிறகு 1986 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர். இந்தக் காலத்தில் அவரும் எய்ம்ஸ் சகாக்களும் கவனத்தைக் கழுத்தில் இருந்து தொப்புள்கொடி ரத்தத்துக்கு மாற்றினார்கள். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் ஹார்மோனை அளந்தார்கள். அயோடின் தட்டுப்பாடு கடுமையாக இருந்த உத்தரப் பிரதேசப் பகுதிகளில், நூற்றுக்குச் சில குழந்தைகள் தைராய்டு குறைபாட்டோடு பிறப்பது தெரியவந்தது. மற்ற இடங்களில் இது சில ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வரும்.

இது மலைவாசிகளின் அழகுப் பிரச்சினை இல்லை, ஒரு தலைமுறையின் மூளைப் பிரச்சினை என்பது புரிந்தது. சமையல் உப்பு முழுவதிலும் அயோடின் கலப்பது என்று 1983-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. 1986-ல் இருந்து அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1992-ல் திட்டத்தின் பெயரில் இருந்தே கழலை போய், அயோடின் பற்றாக்குறைக் கோளாறுகள் என்று மாறியது.

கடைசி அத்தியாயம்

பத்ம விபூஷண், லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் என விருதுகளுக்குக் குறைவில்லை. 1994-ல் சூரத்தில் பிளேக் பீதி வந்தபோது அதை ஆராய அமைத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

ஆனால் அவருடைய வாழ்நாள் வேலை ஒரு அரசாணையில் ஆட்டம் கண்டது. அயோடின் கலக்காத சமையல் உப்பு விற்பனைக்கு இருந்த தடையை 2000-ல் மத்திய அரசு நீக்கியது. எந்த உப்பு வாங்குவது என்பது மக்கள் விருப்பம் என்பதும், சிறு உப்பு உற்பத்தியாளர்களின் நிலையும் அதற்கு ஆதரவான வாதங்கள். அடுத்த வருடம், 2001 மே 28-ல் ராமலிங்கசாமி காலமானார். தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது 2006-ல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, நம்ம ஊர் நிலவரம்?

2018-19 தேசிய அயோடின் சர்வேயில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நாடு முழுக்க சுமார் 76 சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 62 சதவீதம். மாநிலங்களிலேயே கடைசி இடத்தில் நாம். தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்பு விளையும் மாநிலம் இது. உப்பு பக்கத்திலேயே கிடைப்பதால் தொழிற்சாலைக்குப் போகாமல் மூட்டையில் நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறது.

கடல் உப்பில் அயோடின் இயற்கையாவே இருக்குமே என்று கேட்பீர்கள். கடல் நீரில் கொஞ்சம் உண்டு. ஆனால் பாத்தியில் உப்பு படியும்போது அது படிகத்தில் பெரும்பாலும் தங்குவதில்லை. கடலோரக் கல் உப்பும் இந்த விஷயத்தில் வெறும் உப்புதான்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிகளுக்கு 250. வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு டீஸ்பூன் வராது. ஆனால் அது தினமும் வர வேண்டும், ஒரே நாளில் சாப்பிட்டு ஸ்டாக் வைக்க முடியாது.

* பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று இருக்கிறதா பாருங்கள். சிரிக்கும் சூரியன் படம் அதற்கான அடையாளம். கல் உப்புதான் வேண்டும் என்றால் அயோடின் கலந்த கல் உப்பும் கிடைக்கிறது.
* மூடிய டப்பாவில், அடுப்புச் சூடும் ஈரமும் படாமல் வையுங்கள். கல் உப்பைக் கழுவினால் அயோடினும் போய்விடும்.
* அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டாம். பிரஷர் ஏறும். உப்பு அதே அளவு இருக்கட்டும், வகையை மட்டும் மாற்றுங்கள்.
* ஏற்கெனவே தைராய்டு பிரச்சினை இருந்தால், அது அயோடின் குறைவால்தான் என்று நீங்களே முடிவு பண்ணாதீர்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவதாலும் வரலாம். டாக்டரைப் பாருங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

காங்க்ராவின் நடு மண்டலத்து மக்களுக்கு, தங்கள் உப்பில் என்ன இல்லை என்பதே தெரியாது. நமக்குத் தெரியும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அடுப்படியில் அந்த ஜாடியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். வீட்டில் யாராவது குழந்தைக்குத் திட்டமிட்டுக்கொண்டிருந்தால், அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.