நாணம் நோய்க்குத் துணை போகலாமா?

புற்றுநோய் என்றால் சாவு என்றே நாடு பொருள் கொண்டிருந்த காலம். நோயின் பெயரை வெளியே சொல்லவும் குடும்பத்தார் கூசிய காலம். அந்தக் காலத்தில், 1923ஆம் ஆண்டில், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார் ஒரு பெண் மருத்துவர். முதலில் அது வயிற்றுக்கடுப்பு என்றே கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தமக்கை பட்டம் பெற்ற மருத்துவர்; பல உயிர்களைக் காத்தவர். இருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க முடியவில்லை! அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30ஆம் நாள் பிறந்தவர் அம்மையார். தந்தை கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபிலே பிறந்தவர். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட ஊரில், ஆண்கள் பயின்ற மன்னர் கல்லூரியில் இடம் கேட்டார். எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் இசைவு தந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டத்தோடு வெளிவந்தார்.

1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து அங்கே போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் கண்டார். இவற்றை நாடறியும். ஆனால், தங்கையின் மறைவு தந்த புண் ஆறாமல் அவர் நெஞ்சிலே இருந்ததைப் பலர் அறியார்.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவிலே, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் ஆட்சியிலிருந்தோரிடமும் குடிகொண்டிருந்தது. அம்மையார் சோர்ந்தாரா? இல்லை! இந்திய மாதர் சங்கத்தைத் துணைகொண்டு நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள், 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. தங்கை மறைந்து 31 ஆண்டுகள். அம்மையாருக்கு அகவை 67! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். 1968 ஜூலை 22இல் அம்மையார் மறைந்தார்.

மருத்துவமனை இருக்கிறது. மருந்து இருக்கிறது. அறுவை மருத்துவமும் கதிர் மருத்துவமும் வளர்ந்துவிட்டன. அப்படியிருந்தும் பெண்கள் மடிவது ஏன்?

இன்று இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு. தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலோர் பிழைக்கலாம். ஆனால் நம் பெண்களில் மிகப் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவரிடம் வருகின்றனர். வலி இல்லையே என்று சிலர் இருந்துவிடுகின்றனர். வலியில்லாத கட்டிதான் முதல் அடையாளம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆண் மருத்துவரிடம் எப்படிக் காட்டுவது என்று கூசுவோர் பலர். பிள்ளைகளின் தேர்வு முடியட்டும், மகளின் திருமணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவோர் பலர். நோய் யாருக்காகவும் காத்திருப்பதில்லை!

தாய்மார்களே! மார்பிலோ அக்குளிலோ கட்டி தென்பட்டால், தோல் குழிந்தால், காம்பு உள்ளிழுத்தால், அதிலிருந்து இரத்தம் கசிந்தால், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கட்டியெல்லாம் புற்றுநோயல்ல; பெரும்பாலானவை தீங்கற்றவை. எது எது என்று சொல்ல வேண்டியவர் மருத்துவரே, அண்டை வீட்டாரல்ல. 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு நலவாழ்வு நிலையங்களில் மார்பகப் பரிசோதனை செய்கின்றனர். தேவைப்பட்டால் மேமோகிராம் படமெடுக்க அனுப்புகின்றனர். தாய்ப்பால் ஊட்டுவதும், உடல் பருக்காமல் காப்பதும், உழைப்பும், மது தீண்டாமையும் நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும், அடியோடு தடுத்துவிடா. ஆகவே பரிசோதனையை விட்டுவிடலாகாது.

ஆடவர்க்கும் ஒரு சொல். மனைவி தயங்கினால், தாய் மறைத்தால், அழைத்துச் செல்ல வேண்டிய கடமை உங்களுடையது. அடுப்படி வேலையை ஒருநாள் நீங்கள் பாருங்கள். அவர்கள் மருத்துவமனைக்குப் போய்வரட்டும்.

அம்மையாருக்குச் சிலை எழுப்புவது நன்று. மாலை சூட்டுவதும் நன்று. அவர் கட்டிய மருத்துவமனையின் வாயிலுக்கு நம் வீட்டுப் பெண்கள் காலத்தோடு செல்வது அவற்றினும் நன்று.