கரும்பு அறிஞர் வேங்கடராமன்

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியைச் சூழ்ந்த நிலம் மழை குறைந்த கரிசல் பூமி. அங்கே மக்கள் பலர் தீப்பெட்டித் தொழிலையும் பட்டாசுத் தொழிலையும் நம்பி வாழ்கின்றனர். மேற்கே மலையடிவாரத்தில் அமைந்த திருவில்லிபுத்தூர், இராசபாளையம் பகுதிகளிலோ, கண்மாய் நீரும் கிணற்று நீரும் பாய்ந்து கரும்பு செழிக்கின்றது. இன்று நம் நாட்டு ஆலைகளுக்குச் செல்லும் கரும்பின் மரபிலே காட்டு நாணலின் உறவு கலந்துள்ளது. அவ்வுறவால் நாட்டுக்கு நலம் விளைவித்த அறிஞருள் தலைசிறந்தவர் சர் டி. எஸ். வேங்கடராமன்.

அவர் 1884ஆம் ஆண்டில் பிறந்தார். அந்நாளில் வட இந்தியாவில் பெரும்பரப்பில் கரும்பு பயிராயிற்று; எனினும் அது மெலிந்தது, விளைச்சல் குறைந்தது. தெற்கே விளைந்த பருத்த கரும்போ வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. ஆகவே, சாவகத் தீவிலிருந்து சர்க்கரை வந்து குவிந்தது. நாட்டின் பொருள் கடல் கடந்து சென்றது.

இக்குறையைப் போக்க 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. வடநாட்டில் அரிதாகப் பூக்கும் கரும்பு அங்கே நன்கு பூக்கும். நிலையத் தலைவர் பார்பர் என்னும் ஆங்கிலேயர். அவருக்குத் துணையாக அமைந்தவர் வேங்கடராமன்.

இருவரும் ‘வெள்ளை’ என்னும் பருத்த கரும்பைத் தாயாகவும், கோவைப் பகுதியில் தானே முளைத்த நாணலைத் தந்தையாகவும் கொண்டனர். நாணலில் இனிப்பு இல்லை. ஆனால், இன்னல்களைத் தாங்கும் உரம் உண்டு. உரத்தைப் பெறப்போய் இனிப்பை இழந்துவிட்டால் என் செய்வது? அதற்குப் பொறுமையே மருந்தாயிற்று. கரும்பின் விதை மிக நுண்ணியது. அதனைத் தூவி, முளைத்த நாற்றுகளைப் பேணி, வளர்ந்தபின் ஒவ்வொன்றின் சாற்றையும் சோதித்தல் வேண்டும். பெரும்பாலானவை கழிக்கப்படும். ஆயினும், தேறிய கரும்பு ஒன்றே போதும். அதனைக் கரணைகளாக வெட்டி நட்டு நாடெங்கும் பரப்பலாம்.

அங்ஙனம் தேறிய ‘கோ 205’ என்னும் கரும்பு 1918ஆம் ஆண்டில் உழவர்க்கு வழங்கப்பட்டது. பஞ்சாபில் அது பழைய இனத்தினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது. ‘கோ’ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும்.

பார்பர் சென்றபின் வேங்கடராமன் பொறுப்பேற்றார். கலப்பினத்தை மீண்டும் நல்ல கரும்போடு கலந்து, உரம் குன்றாமல் இனிப்பைப் பெருக்கினார். ‘கோ 213’ பீகாரில் பரவியது; ‘கோ 419’ தென்னாட்டு வயல்களை நிறைத்தது. 1932ஆம் ஆண்டில் உள்நாட்டுச் சர்க்கரைக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைக்கவே, ஆலைகள் பெருகின, இறக்குமதி வீழ்ந்தது. தென்னாப்பிரிக்கா முதலிய அயல்நாடுகளும் கோவைக் கரும்பை நாடின.

1937ஆம் ஆண்டில் அவர் இந்திய விஞ்ஞானப் பேரவைக்குத் தலைமை தாங்கினார். அப்போதும் இந்தியக் கிராமத்தையே தம் பேருரைக்குப் பொருளாகக் கொண்டார். 1956ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1963ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

எளிய நாணலிலும் ஓர் அருங்குணம் உண்டு. அதனை உணர்ந்து, பொறுமையோடு பயன்கொண்டமையே அவர் பெருமை. பொருளிலும் மனிதரிலும் மறைந்திருக்கும் நற்குணத்தைத் தேடிக் காண்பதே அறிவுடைமையாகும்.