6-ம் வகுப்பிலேயே கோடிங்... ஆமையை வைத்து ஆரம்பித்த சீமோர் பேப்பர்ட் யார்?

ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியில் இருக்கிறது பைக்காரா. 1932-ல் இங்கிருந்து கிடைத்த நீர்மின்சாரம் கோவை மில்களுக்குப் பெரிய பலம். இன்று அந்த மலையில் 6-ம் வகுப்பு படிக்கிற ஒரு குழந்தை, ஸ்க்ராட்ச் மென்பொருளில் பூனையை நடக்க வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பூனைக்கு முன்னோடி ஓர் ஆமை. அந்த ஆமையைக் குழந்தைகளிடம் கொண்டுபோனவர் சீமோர் பேப்பர்ட்.

யார் இவர்?

1928-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். சின்ன வயசில் பல்சக்கரங்கள் மேல் அவ்வளவு ஆசை. வாய்ப்பாடே அவருக்கு அதை வைத்துதான் புரிந்தது. வளர்ந்த பிறகு நிறவெறிக்கு எதிராக இயங்கினார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு, ஜெனீவாவில் குழந்தைகள் மன வளர்ச்சி ஆய்வாளர் ஜான் பியாஜேவோடு வேலை பார்த்தார். 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனார்.

ஆமை என்ன செய்தது?

கம்ப்யூட்டர் ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1967-ல் வாலி ஃபூர்ட்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து, குழந்தைகளுக்காகவே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் பேனா மாட்டிய ஆமை ரோபோ வந்தது. பிறகு அதே ஆமை திரைக்குள்ளும் வந்தது.

100 அடி முன்னே போ, வலது பக்கம் 90 டிகிரி திரும்பு. இதையே 4 தடவை செய்தால் சதுரம் ரெடி. அப்போ முக்கோணம்? நிறைய பேர் 60 டிகிரி என்று போடுவார்கள். கோடு மூடாமல் நிற்கும். இங்கேதான் பேப்பர்ட்டின் பாடம் ஆரம்பிக்கிறது. குழந்தையே ஆமையாக மாறி நடந்து பார்க்கணும். ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. மூன்று திருப்பம் என்றால் ஒன்றுக்கு 120. தப்பு வந்தால் மார்க் குறையாது. எங்கே தப்பு என்று தேடித் திருத்தினால் போதும்.

எல்லாரும் ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. லோகோ படித்தால் மற்ற பாடங்களிலும் யோசிக்கும் திறன் தானாக வளரும் என்பதை 1980-களில் வந்த சில ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஆசிரியர் கூடவே இருந்து வழிகாட்டுவது முக்கியம் என்பது அதில் கிடைத்த பாடம். ஆனாலும் அவர் எண்ணம் நிற்கவில்லை. அவருடைய மாணவர் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007-ல் ஸ்க்ராட்ச்சை வெளியிட்டது.

2006-ல் வியட்நாமின் ஹனோய் நகரில் சாலையைக் கடக்கும்போது பைக் மோதி, பேப்பர்ட்டுக்குத் தலையில் பலத்த அடி. 2016 ஜூலை 31-ல் காலமானார்.

பைக்காராவுக்கு இதில் என்ன இருக்கு?

கம்ப்யூட்டர் குழந்தைக்குச் சொல்லித்தருவதைவிட, குழந்தை கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தரணும் என்பதுதான் பேப்பர்ட்டின் அடிப்படை. லேப் வந்தாலும், பிள்ளைகள் வீடியோ மட்டும் பார்த்துவிட்டு எழுந்தால் அது நடக்காது. மழையில் கரண்ட் போனாலும் முக்கோணப் பாடம் நிற்க வேண்டியதில்லை. வகுப்பறைத் தரையும் ஒரு சாக்பீஸும் போதும். ஒரு குழந்தை ஆமை, இன்னொரு குழந்தை கட்டளை.