அடையாற்று அன்னை

அவர் பெயரை நான் முதன்முதலில் அறிந்தது எந்த நூலிலும் அன்று. என் அக்காவின் பிரசவத்தின்போது, மகப்பேறு உதவித் தொகைக்கான படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். அதில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் இருந்தது. ஏதோ ஒரு திட்டத்தின் பெயர் என்றே எண்ணியிருந்தேன். அதன் பின்னால் ஒரு பெரும் வாழ்க்கை இருப்பதைச் சென்ற ஆண்டுதான் உணர்ந்தேன்.

சென்ற ஆண்டு என் தந்தையார் நுரையீரல் தொற்றினால் ஒன்பது நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். மயிலாப்பூர் மாடவீதியில் பூக்கட்டி விற்கும் என் தாயாரும் நானும் வெளி வராந்தாவில் காத்துக் கிடந்தோம். உள்ளே விடும் சில நிமிடங்களில் ஒரு காட்சியைக் கண்டேன். நினைவற்றுக் கிடந்தவரையும் ஐயா என்று அழைத்து, சொல்லிவிட்டே ஊசி போட்டார் ஒரு செவிலியர். படுக்கைப் புண் வராதிருக்க அவரைப் புரட்டிப் படுக்கவைத்தார். உலர்ந்த உதட்டை நனைத்த பஞ்சால் துடைத்தார். பெற்ற மகனாகிய நான் தயங்கும் பணிகளை முகஞ்சுளிக்காமல் செய்தார்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், நர்சிங் படிக்க விரும்பிய என் தங்கையை, பிறர் அழுக்கைத் துடைக்கும் வேலை நமக்கெதற்கு என்று தடுத்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்ற செருக்கு எனக்கு இருந்தது.

தந்தையார் பிழைத்துச் சாதாரண வார்டுக்கு மாற்றப்பட்ட அன்று, என் தாயார் இரண்டு முழம் மல்லிகையோடு போனார். உள்ளே பூவுக்கு அனுமதியில்லை. அந்தச் செவிலியரும் வேறு பிரிவுக்கு மாறிப் போயிருந்தார். சொல்லாத நன்றி நெஞ்சில் முள்ளாய் உறுத்திய நாட்களில்தான், கல்லூரி நூலகத்தில் முத்துலட்சுமி அம்மையாரின் வரலாற்றைப் படித்தேன்.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். தந்தையார் நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அக்காரணத்தால் ஊர் இழித்துப் பேசியது. ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் மன்னரின் அனுமதியால் இடம் பெற்றார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று வெளிவந்தார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். முதலில் வயிற்றுக்கடுப்பு என்றே தவறாகக் கருதப்பட்ட நோய் அது. தானே மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க முடியாத வேதனை, பின்னாளில் ஒரு மருத்துவமனைக்கே வித்தாயிற்று.

1926-இல் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்ட அம்மையார், அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே போராடினார். 1947-இல் அதற்கான சட்டம் முழுமை பெற்றது. காந்தியடிகள் 1930-இல் கைதானபோது பதவியைத் துறந்தார். போக்கிடமின்றி வந்த பெண்களுக்குத் தம் வீட்டுக் கதவையே திறந்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்து அடையாற்றில் நிலைபெற்றது. உலகம் ஒதுக்கிய பெண்கள் அங்கே படித்து, சொந்தக் காலில் நிற்கும் தொழில்களைக் கற்றனர்.

புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கொரு தனி மருத்துவமனை எதற்கு என்று பலரும் எண்ணிய காலம் அது. அம்மையார் சோரவில்லை. வீடு வீடாக, ஊர் ஊராக நிதி திரட்டப்பட்டது. 1952-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைப் பேணி வளர்த்தனர். சாந்தா அம்மையார் 2021-இல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார். 1956-இல் பத்மபூஷண் பெற்ற முத்துலட்சுமி அம்மையார், 1968 ஜூலை 22 அன்று காலமானார்.

தோழர்களே! தன் தங்கைக்குச் செய்ய முடியாததை ஊராரின் தங்கைகளுக்கெல்லாம் செய்தவர் அவர். நானோ நலமாயிருந்த என் தங்கையின் வழியையே மறித்தவன். சர்தார் படேல் சாலையில் பேருந்து அந்த மருத்துவமனையைக் கடக்கும்போதெல்லாம் தலை தானாகத் தாழ்கிறது.

அன்று என் தாயார் கொண்டுபோன மல்லிகையை, பணியிலிருந்த மற்றொரு செவிலியர் வெளியே வந்து வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். சேர்ப்பிப்பதாகச் சொன்னார். என் பங்கு நன்றியை வேறு விதமாகச் செலுத்தினேன். இந்த ஆண்டு என் தங்கையின் நர்சிங் விண்ணப்பப் படிவத்தை, முத்து முத்தான எழுத்தில், நானே நிரப்பிக் கொடுத்தேன்.