ஒருவருக்கு மாலை; இனத்துக்கு வேலி!

1903ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். சிட்னி நகரத்துப் பெரியவர்கள் பலர் ஒரு சவப்பெட்டிக்கு முன்னே தலைகுனிந்து நின்றனர். வணிகர்கள், பாதிரிமார்கள், சங்கத் தலைவர்கள், பெரும்பாலோர் வெள்ளையர்! பெட்டிக்குள்ளே கிடந்தவர் யார்? கவர்னரா? பிரபுவா? படைத்தலைவரா? அல்ல, அல்ல! ஒரு சீனர். தேநீர்க் கடை நடத்தியவர். சீனப் பேரரசர் அளித்த பட்டத்துக்குரிய பட்டாடை அவர் உடலிலே. அதனுடன் வெள்ளையரின் பிரீமேசன் சங்க அடையாளமான முன்றானையும்! சீனர் சங்கத்தைச் சேர்ந்த இருநூறு பேர் உடன்வர, ரூக்வுட் இடுகாட்டுக்கு அந்த உடல் சென்றது.

அதற்கு இரண்டே ஆண்டுகள் முன்னால், 1901இல், ஆஸ்திரேலியாவின் புதிய பாராளுமன்றம் கூடிற்று. கூடியவுடன் மேற்கொண்ட முதல் வேலைகளில் ஒன்று என்ன தெரியுமோ? சீனரும் இந்தியரும் மற்ற நிறத்தாரும் அந்த மண்ணில் வந்து குடியேறாதபடி சட்டம் செய்தது! நிறத்தின் பெயரைச் சட்டத்திலே பொறிக்கச் சற்றே கூச்சம். ஆகவே ஒரு தந்திரம். கப்பலிலிருந்து இறங்குபவனை நிறுத்து. ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைப் படித்துக் காட்டி எழுதச் சொல். எழுதத் தவறினால் திருப்பி அனுப்பு! எந்த மொழி என்று தீர்மானிப்பவர் யார்? சோதிக்கும் அதிகாரி. வேண்டாதவன் தேறவே முடியாது.

சீனன் வேண்டாம் என்று சட்டம் செய்த சமுதாயம், சீனர் ஒருவர் இறந்தபோது கண்ணீர் விட்டது. நடிப்பா? இல்லை, உண்மைக் கண்ணீர்தான். அதனால்தான் குவாங் டார்ட் என்ற அந்த மனிதரின் வாழ்க்கையை நாம் எடுத்து வைக்கிறோம்.

தென்சீனத்தின் கான்டன் மாகாணத்தில் 1850ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை அலங்காரப் பொருள் விற்பவர். குடும்பப் பெயர் மெய். நமது மொழியிலே அதற்கு உண்மை என்றும் பொருள், உடல் என்றும் பொருள். அவர்கள் மொழியில் வேறு. அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. இங்கிலீஷ்காரர் பழக்கப்படி, கடைசியிலிருந்த டார்ட் என்பதையே குடும்பப் பெயராக்கி விட்டார்கள்! கடல் தாண்டியவன் முதலில் இழப்பது பெரும்பாலும் பெயரைத்தான்.

நியூ சவுத் வேல்ஸ் மண்ணில் 1851இல் தங்கம் கிடைத்தது. கான்டன் கரையிலிருந்து ஆயிரம் ஆயிரமாக ஆட்கள் கப்பலேறினர். பிரெய்ட்வுட் பக்கத்துத் தங்க வயல்களுக்குப் போன ஒரு கூட்டத்துக்குப் பொறுப்பாளியாக ஒருவர் சென்றார். 1859இல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்த மருமகன்தான் நம் குவாங் டார்ட். வயது ஒன்பது!

பெல்ஸ் கிரீக் என்ற இடத்தில், ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் கடையிலே பையன் தங்கினான். இங்கிலீஷ் பேசக் கற்றான். ஆனால் அது லண்டன் இங்கிலீஷ் அல்ல, ஸ்காட்லாந்து நெடி வீசும் இங்கிலீஷ். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எடின்பரோவில் பிறந்தவன் என்று சத்தியம் செய்யலாம். கண்ணைத் திறந்தால் சீனப் பையன்! பிறகு சிம்சன் என்ற செல்வர் வீடு அவனை ஏற்றது. வீட்டு அம்மையார் ஆலிஸ் சிம்சன் தாய்போல வளர்த்தார், அவரால் கிறித்தவனானான். பதினான்கு வயதில் தங்கச் சுரங்கப் பங்குகள் வாங்கத் தூண்டினர்; பதினெட்டு வயதில் பையன் பணக்காரன்.

இதே நாட்களில் இதே நாட்டின் மற்றொரு தங்க வயலில் நடந்ததையும் கேளுங்கள். லாம்பிங் பிளாட் என்பது அந்த இடம். 1861ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், வாத்தியம் முழங்க, கொடி பிடித்து, பெரும் வெள்ளையர் கூட்டம் சீனர் குடிசைகள் மீது பாய்ந்தது. கூடாரங்களுக்குத் தீ வைத்தனர், பொருளைச் சூறையாடினர், சீனரின் பின்னிய குடுமிகளை அறுத்தெறிந்தனர். அந்தக் குளிர்காலத்தில் விரட்டப்பட்டவர்கள் உடுத்த துணியோடு ஓடினர். சர்க்கார் இதற்குக் கண்ட பரிகாரம்? அதே ஆண்டில், வந்திறங்கும் சீனர் ஒவ்வொருவர் மீதும் பத்துப் பவுன் தலைவரி! அடித்தவனுக்கு அல்ல, அடிபட்டவனுக்கு வரி. 1867இல் அந்த வரியை எடுத்துவிட்டனர். பிறகு மீண்டும் வந்தது. அதைப் பின்னால் காண்போம்.

ஒரு வயலில் சீனன் குடுமி அறுபட்டது. இன்னொரு வயலில் சீனச் சிறுவன் வெள்ளையர் வீட்டு மேஜையில் அமர்ந்து உண்டான். ஊரும் ஆண்டும் நெருங்கியவைதாம். மூர்க்கமும் பாசமும் ஒரே நாட்டிலே, ஏன், ஒரே நெஞ்சிலேகூட, பக்கம் பக்கமாகக் குடியிருக்க முடியும் என்பதைக் குவாங் டார்ட் அந்த வயதிலேயே கண்டிருக்க வேண்டும்.

1871இல் அவர் பிரிட்டிஷ் குடிமகனாகப் பதிந்துகொண்டார். 1877இல் பெல்ஸ் கிரீக் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவில் உறுப்பினர். 1881இல் சீனாவுக்குப் போய்வந்தார். வந்ததும் சிட்னியில் தேயிலை வணிகம் தொடங்கினார். சரக்கின் தரம் காட்ட, வந்தவர்க்கெல்லாம் ஒரு கோப்பை இலவசமாகத் தந்தார். சுவைத்தவர்கள் மறுநாளும் வந்தனர். தேயிலை வாங்க அல்ல, தேநீர் குடிக்க! கடை தேநீர் விடுதியாயிற்று. ஒன்று பலவாயிற்று. 1889இல் கிங் தெருவிலே லூங் ஷான் என்ற பெருவிடுதி. 1898இல் திறக்கப்பட்ட விக்டோரியா மகாராணி அங்காடிக் கட்டடத்தில் மற்றொன்று. மந்திரிமார் வந்து குடித்தனர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய மாதர்கள் கூடிப் பேசவும் இந்த விடுதிகளே இடம் தந்தன. பணியாளருக்கு நோய் வந்தால் சம்பளத்துடன் விடுப்பு தந்தவர் அவர். அந்நாளில் எத்தனை வெள்ளை முதலாளிகள் அதைச் செய்தனர்? அநாதை விடுதிகளிலே கிடந்த முதியவர்களுக்கு, பெரும்பாலும் வெள்ளையரான ஏழைகளுக்கு, தம் செலவிலே விருந்து படைத்தார்.

மேடையேறினால் ஸ்காட்லாந்துப் பாடல்! அவர்களின் கட்டம் போட்ட பாவாடை உடையையும் அணிவார். கவிஞர் பர்ன்சின் பாக்களை ஒப்பிப்பார். கூட்டம் குலுங்கிச் சிரிக்கும், கைதட்டும். இதென்ன கோமாளி வேடம், ஆள்வோரை மகிழ்விக்கும் தாழ்ச்சி என்று முகம் சுளிப்போர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. சிறுவயதில் முதலில் காதில் விழுந்த இங்கிலீஷ் அதுதான்; அந்தப் பாடல்கள் அவருடையவையும்தாம். சீனப் பட்டாடையையும் அவர் விடவில்லையே! ஆனாலும் கைதட்டியவர்கள் ரசித்தது எதை? பாட்டையா, ஒரு சீனன் பாடுகிறான் என்ற வேடிக்கையையா? அந்த ஐயம் நமக்கு உண்டு.

மொழிச் சோதனையைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? 1934இல் எகான் கிஷ் என்ற பிராகா நகரத்து எழுத்தாளர் இட்லரை எதிர்த்துப் பேச ஆஸ்திரேலியா வந்தார். பல மொழி கற்றவர் என்பதால், எதில் சோதித்தாலும் எழுதிவிடுவார் என்று அஞ்சி, ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கேலிக் மொழியில் சோதனை வைத்தனர்! ஸ்காட்லாந்துப் பாட்டுப் பாடி அந்நாட்டை மகிழ்வித்தவர் அப்போது மண்ணுக்குள் கிடந்தார். உயர்நீதிமன்றம் அந்தச் சோதனை செல்லாது என்றது வேறு கதை.

1886இல், இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்த மார்கரெட் ஸ்கார்லெட் என்ற ஆசிரியையை மணந்தார். பெண்ணின் தந்தைக்கு உடன்பாடில்லை. இருந்தும் மணம் நடந்தது. மகன் இருவர், மகள் நால்வர். கலப்பு மணம் பற்றி மேடையில் முழங்குவது எளிது. அந்த ஊரில், அந்த ஆண்டில், அந்த அம்மையார் செய்தது எளிதன்று.

இனி அபினிக்கு வருவோம். இந்திய மண்ணில் விளைந்த அபினியைச் சீனாவில் விற்கும் உரிமைக்காக 1839இலும் 1856இலும் போர் தொடுத்தது பிரிட்டன். அந்தப் போதை, சீனத் தொழிலாளியுடன் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிற்று. அங்கே அபினியைத் தடுத்தார்களா? இல்லை, வரி போட்டார்கள்! புகைப்பவனை இழித்துப் பேசின வாய்கள். அவன் புகையிலிருந்து வந்த காசை எண்ணின கைகள். 1883இல் சர்க்கார் கேட்டுக்கொள்ள, மார்ட்டின் பிரென்னன் என்ற போலீஸ் அதிகாரியுடன் தென்பகுதிச் சீனர் முகாம்களைச் சுற்றிப் பார்த்தார் குவாங் டார்ட். சொந்த மக்கள் புகையில் மயங்கிக் கிடப்பதைக் கண்டார். அபினி இறக்குமதியைத் தடை செய்யுங்கள் என்று அதே ஆண்டில் மகஜர் தந்தார். பலனில்லை. 1887இல் மீண்டும் மகஜர். ஒரு சிறு வெளியீடும் அச்சிட்டுப் பரப்பினார். அப்போதும் பலனில்லை.

இதில் இருந்த இக்கட்டைக் கவனியுங்கள். என் மக்களிடையே இந்தத் தீமை உண்டு என்று அவர் சொல்லச் சொல்ல, பார்த்தீர்களா, சீனரே ஒப்புகிறார் என்று சீன எதிர்ப்பாளர் அதையே கல்லாக எடுத்து எறியலாம். மறுபுறமோ, அபினி விற்றுப் பிழைத்த சீன வணிகரின் வருவாயில் கை வைக்கும் வேலை. இரு பக்கமும் நெருப்பு! எதிரிக்குப் பயந்து வீட்டுக் குப்பையை மூடி வைக்கவில்லை அவர். நம் மதிப்பில் அவர் வாழ்விலே ஆண்மை மிகுந்த பகுதி இதுதான். பட்டங்களும் விருந்துகளும் இதற்குக் கீழேதான்.

பட்டங்களும் வந்தன. 1887இல் வெளிநாட்டுச் சீனர் நிலையைக் காணச் சீன அரசு அனுப்பிய ஆணையாளர்களை அவர் வரவேற்றார். அதே ஆண்டில் ஐந்தாம் படிப் பட்டம், 1894இல் நான்காம் படிப் பட்டம். சீனாவுக்கு அங்கே தூதரகம் இல்லாத காலம். ஊதியமில்லாத் தூதராக இவரே இருந்தார்.

1888 வந்தது. தலைவரியோ 1881லேயே பத்துப் பவுனாகத் திரும்பியிருந்தது. மே மாதம் ஆப்கன் என்ற கப்பல் சீனர்களை ஏற்றிக்கொண்டு மெல்போர்னுக்குப் போயிற்று, இறங்க விடவில்லை. சிட்னிக்கு வந்தது. அங்கே கூட்டம் கூடிக் கொதித்தது. ஊர்வலம் சட்டமன்றத்தையே முற்றுகையிட்டது. ஹென்றி பார்க்ஸ் என்ற முதலமைச்சர், இறங்க விடமாட்டேன் என்று நின்றார். சீன வணிகர்கள் முறையிட்டனர். குவாங் டார்ட்டும் முறையிட்டார். அவர் கடைத் தேநீரைக் குடித்த ஊர், அவர் குரலைக் கேட்க மறுத்தது! தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே சிலர் இறங்கினர். பார்க்ஸ் சும்மா இருந்தாரா? புதுச் சட்டம் செய்தார்: தலைவரி நூறு பவுன், முந்நூறு டன் கப்பல் கொள்ளளவுக்கு ஒரே சீனர், இனி எந்தச் சீனரும் குடிமகனாகப் பதிய முடியாது. குவாங் டார்ட் 1871இல் நுழைந்த வாயில் அவருக்குப் பின்னே சாத்தப்பட்டது.

பத்துப் பவுன், நூறு பவுன், பிறகு மொழிச் சோதனை. அவருடைய விடுதிகள் பெருகப் பெருக, அவருடைய இனத்தார்க்கு வேலி உயர்ந்துகொண்டே போயிற்று. ஒரு நல்ல சீனரைக் கண்டோம் என்று மகிழ்ந்தவர்கள், அவர் விதிவிலக்கு என்று முடிவு கட்டினார்களேயொழிய, தங்கள் விதி தவறு என்று எண்ணவில்லை. அது அவர் குற்றமா? அல்ல. ஆனால் அவருடைய வழிமுறையின் எல்லை அது என்று சொல்லத்தான் வேண்டும். இனிமையால் நண்பர் கிடைத்தனர். வாக்குரிமையும் அமைப்பும் இல்லாத கூட்டத்துக்கு நண்பர்களால் சட்டத்தைத் தடுத்துத் தர முடியவில்லை.

பயனே இல்லை என்றும் சொல்லமாட்டோம். 1891இல் சீனரின் சூதாட்டம், ஒழுக்கக்கேடு பற்றி விசாரிக்க நியமித்த கமிஷனில் அவரும் ஓர் உறுப்பினர். குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒருவர் விசாரிப்போர் நாற்காலியிலும் அமர்ந்தார்! சீனரோடு வாழ்ந்த வெள்ளைப் பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். மயக்கிக் கெடுத்தார்கள் என்று ஊர் கதை பேசிற்று. அவர்களோ, தங்களைச் சீனர் அன்பாகவே நடத்துவதாகச் சொன்னார்கள். அந்தச் சொற்கள் சர்க்கார் ஏட்டிலே அச்சேறின.

1902 ஆகஸ்டில், அங்காடிக் கட்டடத்தில் தம் அலுவலகத்திலிருந்த அவரை ஒருவன் இரும்புத் தடியால் மண்டையில் அடித்துச் சில பவுன்களைத் திருடிச் சென்றான். உயிர் தப்பினார், உடல் பழைய நிலைக்கு மீளவில்லை. நகரமே அனுதாபம் காட்டியது. 1903 ஜூலை 26ஆம் நாள், ஆஷ்பீல்டில் தம் இல்லத்தில், மார்புச் சவ்வு அழற்சியால் இறந்தார். வயது ஐம்பத்து மூன்று.

இரண்டு முறை மகஜர் கொடுத்தும் கிடைக்காத அபினித் தடை 1906இன் தொடக்கத்திலே வந்தது. அவர் பார்க்கவில்லை. சீனத் தூதரகம் 1909இல் வந்தது. மொழிச் சோதனையோ 1958 வரை நீடித்தது. வெள்ளை ஆஸ்திரேலியா என்ற கொள்கையை முழுதாகக் கைவிட 1973 ஆயிற்று.

1911இல் மார்கரெட் அம்மையார் கணவரின் வாழ்க்கையை நூலாக வெளியிட்டார். பிரிட்டிஷ் சமுதாயத்தில் ஒருவர் வெற்றி பெற்ற கதை என்பது அதன் தலைப்பின் கருத்து. நாற்பத்து நான்கு ஆண்டுகள் அந்த மண்ணில் வாழ்ந்து, அதன் குடிமகனாகப் பதிந்து, அங்கேயே ஆறு பிள்ளைகளைப் பெற்று, அங்கேயே புதைக்கப்பட்ட கணவரைக் குறிக்க அந்தத் தலைப்பிலே அம்மையார் வைத்த சொல்: அயல்நாட்டார்.